அரியலூர்ச் சீமையின் பழைய ஏடுகளும் கடிதங்களும்

சரித்திரம் என்றவுடன் நம் மாணவர் பலர்க்கு அரசர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டுமே நினைவுக்கு வருகின்றன. அப்பெயரையும் ஆண்டையும் முதன்முதல் எழுதி வைத்தவர் யார், அவர் எழுதிய தாள் எங்கே இருந்தது, அஃது எவர் கைப்பட்டு நம்மிடம் வந்தது என்று வினவுவார் மிகச் சிலர். பெரம்பலூர், அரியலூர் என்னும் இரண்டு ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த சீமையையும் எடுத்துக்கொண்டு இவ்வினாவை எழுப்பிப் பார்த்தோம். வியப்பு யாதெனின், இச்சீமையைப் பற்றிய பழைய கையெழுத்துச் சான்றுகளிற் பெரும்பாலன இச்சீமையில் இல்லை. சென்னையிலும், கோடைக்கானலை அடுத்த செண்பகனூரிலும், ரோமாபுரியிலும், இலண்டனிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. ஊரில் இருந்தவை அழிந்தன; ஊரைவிட்டுச் சென்றவை பிழைத்தன. இது கேட்பதற்கு இனியதன்று. ஆயினும் உண்மை அதுவே.

தேடப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர் பெயரைப் பற்றியது. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ஆம் ஆண்டில். அரியலூர் 2001-இல் பிரிந்து, மறுபடி அதனோடு சேர்ந்து, 2007-இல் மீண்டும் பிரிந்தது. அதற்கு முன்னெல்லாம் இவை திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதிகள். ஆகவே பழைய தஸ்தாவேஜுகளின் அட்டவணையில் பெரம்பலூர் என்று தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவர். திருச்சிராப்பள்ளி என்ற தலைப்பின்கீழ்ப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலேயர் ஊர்ப்பெயரை எழுதிய முறையோ நகைப்பிற்கு இடமானது. இராபர்ட்டு ஓர்மே என்பார் கர்நாடகப் போர்களின் சரித்திரத்தை எழுதியவர். அவர் நம் வாலிகண்டபுரத்தை 'வால்கொண்டா' ஆக்கினார். உடையார்பாளையத்தை 'வாரியோர் பாளையம்' ஆக்கினார். 1751-ஆம் ஆண்டில் வாலிகண்டபுரத்தின் அருகே சந்தா சாயபுவின் படைக்கும், முகம்மதலிக்குத் துணையாக வந்த ஆங்கிலப் படைக்கும் கைகலப்பு நேர்ந்தது. ஆங்கிலேயர் தோற்று ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கினர். அடுத்த ஆண்டில் அதே வாலிகண்டபுரத்தில் தொத்தேய் என்னும் பிரெஞ்சுத் தளபதி கிளைவிடம் சரணடைந்தார். ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்து வந்த மாணவர் பலர். இப்போர்களைப் பற்றி ஓர்மே திரட்டிய கையெழுத்துக் குறிப்புகள் இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பதை அறிந்தவர் அருமை.

இனி ஏலாக்குறிச்சிக்கு வருவோம். கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர்ச் சீமையில், திருக்காவலூர் என்று வீரமாமுனிவர் பாடிய ஊர் இதுவே. இத்தாலி நாட்டில் 1680-இற் பிறந்த அப்பெரியார் இயற்றிய தேம்பாவணி 1726-இல் முற்றுப்பெற்றது என்பர். அஃது அச்சேறியது புதுச்சேரியில் 1851 முதல் 1853 வரை. சதுரகராதி 1732-இல் முடிந்தது. சென்னைக் கல்விச் சங்கத்தார் அதனை அச்சிட்டது 1824-இல். எனவே முன்னது ஏறக்குறைய 125 ஆண்டுகளும் பின்னது 92 ஆண்டுகளும் ஏட்டிலேயே வாழ்ந்தன. அக்காலமெல்லாம் அவற்றைப் படியெடுத்தும் எண்ணெய் தடவியும் கறையானுக்குத் தப்புவித்தும் காத்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தின் முகப்பிலும் இல்லை.

முனிவருடைய நூல்களையும் சரித்திரத்தையும் தேடித் தொகுக்குமாறு, சென்னையில் அதிகாரியாயிருந்த எல்லிஸ் துரை 1816-இல் புதுவை முத்துசாமிப் பிள்ளையைத் தென்னாட்டிற்கு அனுப்பினார். பிள்ளையவர்கள் அலைந்து தேடியதன் பயனாக 1822-இல் முனிவரின் சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். இது நடவாதிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கும் செய்திகளிற் பல இல்லாமற் போயிருக்கும். ஆனால் அனுப்பிய எல்லிஸ் துரையின் கதி வேறாயிற்று. தமிழ் முதலிய தென்னாட்டு மொழிகள் ஓரினத்தைச் சார்ந்தவை என்று கால்டுவெல் ஐயருக்கு 40 ஆண்டு முன்னரே எடுத்துக் காட்டிய அவ்வறிஞர், 1819-இல் இராமநாதபுரத்தில் அகால மரணமடைந்தார். அவர் எழுதிக் குவித்திருந்த குறிப்புகள் மதுரையில் ஒரு வீட்டிற் போட்டு வைக்கப்பட்டிருந்தன. அங்கிருந்த சமையற்காரன் அவற்றை அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் பயன்படுத்தினான் என்று பின்னர் ஸர் வால்ட்டர் எலியட்டு எழுதி வைத்தார். எஞ்சிய சில தாள்களே ஆக்ஸ்போர்டில் உள்ள பாட்லியன் நூலகத்தை அடைந்தன. சமையற்காரனை நோவதில் யாம் ஒரு பொருளும் காணவில்லை. இது வேண்டிய தாள் என்று அவனுக்குச் சொன்னவர் எவரும் இல்லை.

சேசு சபையார் ஆண்டுதோறும் ரோமாபுரிக்கு அனுப்பிய கடிதங்கள் இச்சீமைக்கு மற்றொரு சான்று. மதுரை மிஷனைச் சேர்ந்த பழைய ஏடுகளும் கடிதங்களும் செண்பகனூரில் தொகுத்துக் காக்கப்பட்டன. பெஸ்ஸி பாதிரியார் 1918-இல் வீரமாமுனிவரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அத்தகைய கடிதங்களே அதற்கு ஆதாரம். இவற்றைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். கடிதம் எழுதியவர் தாம் செய்த தொண்டைத் தம் தலைவர்க்குத் தெரிவிக்க எழுதினார். ஊரார் எங்ஙனம் உண்டு உடுத்து உறங்கினர் என்பதை எழுதுவது அவர் கருத்தன்று. கர்னல் மெக்கென்ஸி நாடெங்கும் ஆள் அனுப்பித் திரட்டிய பாளையக்காரர் வமிசாவளிகளுக்கும் கைபீதுகளுக்கும் இவ்வெச்சரிக்கை இன்னும் மிகுதியாகப் பொருந்தும். அவர் 1821-இல் இறந்த பின்பு கும்பினியார் இலட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய அத்தொகுதியில் தென்னாட்டுப் பகுதி இப்பொழுது சென்னை அரசாங்கக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உளது. தம் பாளையப்பட்டை நிலைநிறுத்தக் கருதிய குடும்பத்தார் தம் முன்னோரைப் பற்றி எழுதிக் கொடுத்தால் அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆசை என்று பகுத்தறிவது படிப்பவர் கடமை.

கல்வெட்டு அழியாது, ஏடுதான் அழியும் என்பாரும் உண்டு. உடையார்பாளையத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சென்று பார்க்க. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அக்கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோயினர். எத்தனை எழுத்துகள் அணையின் அடியில் நீர்குடித்துக் கிடக்கின்றனவோ!

படியெடுத்தல் ஒரு நூலை எங்ஙனம் காக்கும் என்பதற்குப் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சான்று. துய்ப்ளேக்ஸின் துபாஷியாயிருந்த அவர் 1736 செப்டம்பர் முதல் 1761-இல் தாம் இறக்கும் வரையில் கண்டதும் கேட்டதும் எழுதி வந்தார். பிறகு அக்கையேடுகள் வீட்டில் உறங்கின. 1846-இல் கல்லுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுத்தார். அரியேல் என்பாரும் படியெடுத்தார். அவருடைய பிரதிகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரையில் 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். மூலக் கையேடுகள் யாவும் இன்று கிடைப்பன அல்ல. படி எடுத்திராவிடின் துபாஷியின் இருபத்தைந்தாண்டு உழைப்பில் ஒரு பகுதி புழுதியாய்ப் போயிருக்கும்.

இவை அனைத்தினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது, சென்னை பெஸன்ட் நகரில் உள்ள மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம். அதற்கும் அரியலூர்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஐயரவர்கள் 1855-இல் உத்தமதானபுரத்திற் பிறந்தவர். அவர்தம் தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் சமஸ்தானத்து வித்துவானாயிருந்த கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். பிழைப்பின்பொருட்டுக் குடும்பம் ஊரூராகச் சென்றது. அங்ஙனம் சென்ற ஊர்களிற் பல இச்சீமையைச் சார்ந்தவை. அரியலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஒருவர்பின் ஒருவராக அப்பிள்ளைக்குத் தமிழ் கற்பித்தனர். ரெட்டியாரிடம் கற்றது யாப்பருங்கலக்காரிகை. இவர்களெல்லாம் தத்தம் ஊரில் மதிப்புப் பெற்றவர்கள். ஆனால் ஊர் எல்லைக்கு அப்பால் புகழ் பரவாதவர்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஐயர் மாணவராகச் சேர்ந்தது 1871-இல். அதற்கு முன் அவர் பெற்ற தமிழ் பெரும்பாலும் இச்சீமை தந்ததே.

அந்த ஆசிரியர்களைப் பற்றி நாம் இன்று அறிவது எதனால்? அவர்கள் எழுதிய கடிதங்களால் அன்று. அவர்கள் மாணவர் மறவாமையால். ஐயர் தம் முதுமையில், 1940 முதல், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதினார்; 1942-இல் அவர் காலமாயினமையின் அது முற்றுப்பெறவில்லை. அதில் குன்னத்தையும் கார்குடியையும் செங்கணத்தையும் எண்பத்தைந்து வயது முதியவர் நேற்றுக் கண்டதுபோல எழுதியிருக்கிறார். ஒருவர் எழுதாதிருந்தால் ஒரு சீமையின் புலமை முழுதும் பெயரின்றி மறைந்திருக்கும். அச்சீமையிலேயே ஐயரைப்போல் நினைவு வைத்து எழுதும் மாணவர் வாய்க்காத ஆசிரியர் எத்தனை பேரோ!

நினைவு மட்டும் போதாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். 1880-இல் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியரான பிறகு தமக்கு வந்த கடிதங்களை எறியாமல் வைத்தார். அதற்கு முந்திய ஆண்டுதான், 1879-இல், இந்தியாவில் காலணாத் தபால் கார்டு வழக்கத்திற்கு வந்தது. ஏழைப் புலவரும் மடத்துத் தம்பிரானும் கிராமத்துக் கணக்கரும் ஒரு செய்யுளுக்குப் பாடபேதம் கேட்டும், எங்கோ ஒரு வீட்டில் ஏடு இருக்கிறதென்று தெரிவித்தும் எழுதுவதற்கு அது பேருதவியாயிற்று. 1887-இல் சிந்தாமணியும், 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் வெளிவந்தமைக்கு ஐயரின் உழைப்பு காரணம் என்று எல்லோரும் சொல்வர். காலணாக் கார்டையும் காரணமாகச் சேர்த்தல் வேண்டும் என்பது எம் எண்ணம். பாரிஸிலிருந்து ஜூலியன் வின்ஸோன் தமிழிலேயே கடிதம் எழுதினார், போப்பையர் எழுதினார், யாழ்ப்பாணத்துத் தாமோதரம் பிள்ளை எழுதினார். இத்தகைய பேரறிஞர் கடிதங்களோடு, பெயர் எவர்க்கும் தெரியாதார் எழுதிய கார்டுகளும் ஒரே கட்டில் இருந்தன. ஐயர் காலமான மறு ஆண்டு, 1943-இல், ருக்மிணி தேவி அம்மையாரின் முயற்சியால் அவர் பெயரால் அந்நூல்நிலையம் அமைந்தது. இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட ஓலைச்சுவடிகளும் ஆயிரக்கணக்கான கடிதங்களும் அங்கு உள்ளன. 1877 முதல் 1900 வரையில் வந்த கடிதங்கள் 2018-இல் ஒரு பெருந்தொகுதியாக அச்சில் வந்துவிட்டன.

கடிதங்களை ஐயர் காத்தது பழக்கத்தால் மட்டுமன்று. அழிவைக் கண்ணாற் கண்டதனாலும் ஆகும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்றபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமம் செய்துவிட்டதாக அங்குள்ளார் கூறினர். சாத்திரத்தில் அப்படி விதி உண்டென்றும் சொன்னார்களாம். கேட்ட அவர் உள்ளம் துடித்ததை எழுதியிருக்கிறார்.

ஏட்டையும் கடிதத்தையும் படிக்கும் முறையைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஓலை முந்நூறு ஆண்டுக்கு மேல் நிற்பது அரிது. அதனால்தான் படியெடுக்கும் வழக்கம். எழுத்தாணியாற் கீறிய எழுத்து விளங்குமாறு விளக்குக் கரியும் மஞ்சளும் ஊமத்தைச் சாறும் கலந்து தடவுவர். எழுத்தில் புள்ளி இராது. 'ர' என்பதற்கும் காலுக்கும் வேற்றுமை இராது. ஆகையால் 'கரம்' என்று எழுதியிருப்பதைக் 'காம' என்றும் படிக்கலாம். குற்றெழுத்து எகர ஒகரமும் நெட்டெழுத்தும் ஒரே வடிவில் இருக்கும். 'கெடு' எது, 'கேடு' எது என்று இடம் நோக்கி உணர்தல் வேண்டும். கொம்பைச் சுழித்து இக்குறையைத் தீர்த்தவர் நம் ஏலாக்குறிச்சி முனிவரே என்பர்.

தேதி அறிவது அதனினும் கடினம். நம் முன்னோர் ஆண்டைப் பெயராற் குறித்தனர். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்பி வரும். எமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைச் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூரை அடுத்த ஒரு சிற்றூரில் ஒரு பழைய வீட்டுப் பரணில் துணி மூட்டை ஒன்று இருந்தது. கிரயச் சீட்டு, போக்கியப் பத்திரம், நெல் கணக்கு, சாதகம் இவற்றோடு சில கடிதங்களும் அதில் கலந்திருந்தன. அவ்வீட்டு முதிய அம்மாள், "பார்த்துவிட்டு அப்படியே கட்டி வைத்துவிடுங்கள், ஐயா" என்று சொல்லி அனுமதித்தார். அக்கடிதங்களில் ஒன்று கண்டிச் சீமையிலிருந்து தம்பி தமையனுக்கு எழுதியது. வேறு ஒருவரைக் கொண்டு எழுதுவித்தது என்பது கையெழுத்திற் புலப்பட்டது. 'தாது வருஷம் தை மாதம் 12' என்று மட்டும் நாள் குறித்திருந்தது. தாது என்பது 1816-இலும் 1876-இலும் 1936-இலும் தொடங்கும். தை மாதமாகையால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடி 1817, 1877, 1937 என்றாகும். இம்மூன்றில் எது?

விடை கடிதத்தின் உள்ளேயே இருந்தது. தாம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்வதாகத் தம்பி எழுதியிருந்தார். 1817-இல் கண்டிமலையில் காப்பித் தோட்டங்கள் ஏற்படவில்லை. 1869-இல் தோன்றிய இலைநோயால் காப்பி நலிந்து, 1880-க்குப் பின் ஒழிந்து, தேயிலை பரவிவிட்டது. ஆதலின் 1937-உம் அன்று. ஆகவே 1877. தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய தை மாதம் அது. இது தெரிந்தவுடன் கடிதத்தின் மற்ற வரிகளுக்கு வேறு பொருள் வந்துவிட்டது. மழை பெய்ததா என்று இரண்டு இடத்தில் கேட்டிருந்தார். எருதை விற்க வேண்டாம், சித்திரைக்குள் பணம் அனுப்புவேன் என்றிருந்தார். தாயாரைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. அதற்கு மேல் தாள் கிழிந்திருந்தது. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிக் கலெக்டர்களும் கமிஷனர்களும் எழுதிய அறிக்கைகள் பல உண்டு. அவற்றுள் எதிலும் அந்த எருது இல்லை.

பொழுது போயிற்றாகையால் அன்று அக்கடிதத்தை மட்டும் எம் குறிப்புப் புத்தகத்தில் பெயர்த்து எழுதிக்கொண்டு, மூட்டையைக் கட்டி வைத்துத் திரும்பினோம். மீண்டும் சென்று எல்லாவற்றையும் படம் பிடிக்கலாம் என்று எண்ணினோம். போக ஓராண்டிற்கு மேலாயிற்று. அம்மாள் காலமாகியிருந்தார், வீடு இடிக்கப்பட்டிருந்தது. கதவு, நிலை, தூண் இவற்றை மரக்கடைக்காரர் வாங்கிப் போயினர். தாள் எல்லாம் பழைய பேப்பர்காரனிடம் சென்றது. அவர்தம் மக்கள், "தெரிந்திருந்தால் உங்களுக்கே கொடுத்திருப்போமே" என்றனர். அவர்களிடம் சொல்லி வைக்காதது எம் குற்றம். மூட்டையில் இருந்த மற்றக் கடிதங்களில் தம்பி திரும்பி வந்தாரா என்பதற்கு விடை இருந்திருக்கலாம்.

இப்பொழுது இவ்வேலை முன்போல அரியதன்று. ஏட்டை வீட்டாரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோக வேண்டிய தேவையும் இல்லை. அழியும் நிலையிலுள்ள சான்றுகளை இருந்த இடத்திலேயே படம் பிடித்துக் காக்கும் திட்டம் ஒன்றைப் பிரிட்டிஷ் நூலகத்தார் 2004 முதல் நடத்தி வருகின்றனர். மூலம் உரியவரிடமே இருக்கும். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. கைக்குள் அடங்கும் தொலைபேசியே இன்று நல்ல படக் கருவி. படம் எடுக்கும்போது தாளைச் சுவரில் ஒட்டுதலும், ஒட்டுநாடா இட்டுக் கிழிசலைச் சேர்த்தலும், சேர்ந்து கிடந்த கட்டை வகை வகையாகக் கலைத்தலும் கூடா. எந்தத் தாளோடு எந்தத் தாள் இருந்தது என்பதும் ஒரு சான்று. எவருடைய வீடு, எந்தப் பரண், யார் காட்டினார் என்பதையும் அன்றே எழுதி வைத்தல் நலம்.

எதிர்வரும் கோடை விடுமுறையில் குன்னம், வாலிகண்டபுரம், உடையார்பாளையம், ஏலாக்குறிச்சி ஆகிய ஊர்களின் பக்கத்தில் சில வீடுகளுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். அப்பக்கத்து மாணவரும் பழைய மாணவரும் தத்தம் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இத்தகைய கட்டுகள் இருப்பின், வீட்டுப் பெரியவர்களைக் கலந்துகொண்டு, பங்குனி முடிவதற்குள் எமக்குத் தெரிவிப்பாராக. இம்முறை காலம் தாழ்த்தோம்.